காகித மாவிலை

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை வசுமதி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கூடம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

வாசல் நிலையிலிருந்து பூஜை அலமாரி வரைக்கும் மாவிலைத் தோரணம். கிட்டே போய்ப் பார்த்தால் மாவிலை இல்லை, அட்டை. அட்டையை இலை இலையாக வெட்டி, பச்சை வண்ணம் பூசி, நடுநரம்பு கூட விட்டுப்போகாமல் வரைந்திருந்தது.

"மயிலாப்பூர்ல உக்காந்துண்டு அட்டையில மாவிலையா? மாடவீதியில கட்டுக் கட்டா விக்கறானே அத்தை!"

ஸ்டூல் மேல் நின்றிருந்த சுந்தரவல்லி வாயிலிருந்த குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள். "நிஜ மாவிலை சாயங்காலத்துக்குள்ள சுருண்டுடும், வசு. இது கல்யாணம் வரைக்கும் இருக்கும்."

"கல்யாணம் என்ன, சஷ்டியப்தபூர்த்தி வரைக்கும் வச்சுக்கலாம்."

சுந்தரவல்லி சிரித்தாள். அதுதான் வசுமதிக்குப் பொறுக்காது. குத்தினால் வலிக்க வேண்டும். இவளுக்கு வலிப்பதே இல்லை.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் முதல் தடவையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சித்ரகுளம் பக்கத்தில் இருக்கும் இந்த வீடு ஸ்ரீரங்கனுடையது. மனைவியை இழந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் சாய்நாத்துக்குக் கிண்டியில் உத்தியோகம். அவன் மனைவிதான் வசுமதி, தியாகராய நகரில் செல்வமாக வளர்ந்தவள். மகள் ஸஹானாவுக்கு இருபத்தேழு வயது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சுந்தரவல்லி ஸ்ரீரங்கனின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். கைவேலை டீச்சராக இருந்து ஓய்வு பெற்று அடையாறில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். வார இதழ்களுக்கு வீட்டுக் குறிப்பு எழுதிப் போடுவது அவள் பொழுதுபோக்கு.

இன்று ஸஹானாவுக்கு நிச்சயதார்த்தம். பிள்ளை நிரஞ்சன். வசுமதியின் பிறந்தகத்து வழியில் வந்த வரன். மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே நடக்கட்டும், பட்சணமும் அலங்காரமும் அத்தை கையால் இருக்கட்டும் என்று ஸஹானா பிடிவாதம் பிடித்ததைப் போன வாரம் பார்த்தோம்.

அந்த ஒரு விஷயத்தையும் மறந்துவிட முடியாது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஸஹானாவுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அச்சடித்து, பத்தே நாள் இருக்கும்போது நின்றுபோயிற்று. பிள்ளை வேண்டாமென்றுவிட்டான் என்று ஊர் சொன்னது. வசுமதியும் அப்படித்தான் சொன்னாள். 'இவாகிட்ட அதைச் சொல்லிடலாம் மன்னி' என்று ஸஹானா இந்த முறை எத்தனையோ கெஞ்சினாள். வசுமதி கேட்கவில்லை. நிரஞ்சனின் அம்மா பத்மாசனியிடம் போனில் தேனாகப் பேசினாள். 'எங்க ஸஹானாவுக்கு இதுதான் மாமி மொதல் வரன்.'

சொன்னது சொன்னதுதான். அது வெளியே வந்தால் ஸஹானாவுக்கு இந்தக் கல்யாணம் இல்லை. வசுமதிக்குத் தியாகராய நகரில் முகம் இல்லை.

சமையலறைக்குள் போனாள். அங்கே இன்னொரு கண்காட்சி.

தாம்பாளம் நிறைய ஏழு கப் கேக். ஒரு கப் கடலை மாவு, ஒரு கப் தேங்காய், ஒரு கப் பால், ஒரு கப் நெய், மூன்று கப் சர்க்கரை, கூட்டினால் ஏழு. பெயரே கணக்குப் புத்தகம் மாதிரி! பக்கத்தில் பொட்டுக்கடலை மாவுருண்டை, ஒவ்வொன்றையும் கலர் கண்ணாடித் தாளில் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்கி மிட்டாய் வேஷம் போட்டிருந்தது. ஒரு பாட்டிலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப் பொடியாக ஏதோ மின்னியது.

"இது என்ன?"

"டூட்டி ஃப்ரூட்டி. பப்பாளிக்காயை நறுக்கி சர்க்கரைப் பாகுல போட்டேன்" என்று பின்னாலேயே வந்து நின்றாள் சுந்தரவல்லி. "கேக் மேல தூவினா பார்க்க அழகா இருக்கும்."

"பப்பாளிக்காய்! பிள்ளையாத்துக்காராளுக்கு!"

"காய்னு யார் சொல்லப்போறா? நீ சொல்லாம இருந்தா சரி."

 வசுமதி அலமாரியைத் திறந்தாள். பாண்டி பஜாரிலிருந்து சாய்நாத்தை விட்டு வாங்கி வரச் சொன்ன நாலு பெட்டிகள் அங்கே இருந்தன. வெள்ளித்தாள் ஒட்டிய முந்திரி கத்லி. பெட்டியின் மூடியே அவள் மனத்தைக் குளிர்வித்தது. சீர்த் தட்டுகளில் முதல் வரிசைக்குக் கத்லியை அடுக்கினாள். ஏழு கப் கேக்கைப் பின்னால் தள்ளினாள். மாவுருண்டையைத் தள்ளக்கூட இல்லை. கிரைண்டர் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

வேலைக்கு வரும் அங்காளம்மாள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"கூடம் இன்னா சோக்கா கீது! டீச்சரம்மா கைல குப்பை குடுத்தாக்கூட கோயிலாட்டம் ஆக்கிடுது."

"குப்பைன்னு நீயாவது ஒத்துண்டியே" என்றாள் வசுமதி.

"அய்ய, நான் அப்படியா சொன்னேன்?" அங்காளம்மாள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனாள்.

ஸஹானா தலை பின்னிக்கொண்டு வந்தாள். அரக்குப் பட்டுப் புடவை, ஒற்றைச் சங்கிலி. கண்ணுக்குக் கீழே லேசாகக் கருத்திருந்தது.

"அத்தை, எவ்வளவு அழகா இருக்கு!" என்று தோரணத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"உன் கல்யாணத்தை நீயே பள்ளிக்கூட ஆண்டு விழா ஆக்கிக்கறே" என்றாள் வசுமதி. "பத்மாசனி மாமி ஆத்துல சோபாவுக்குக் கூட வெல்வெட் உறை. அவா இதைப் பார்த்து என்ன நினைப்பா?"

"என்ன வேணா நினைக்கட்டும் மன்னி. பொய்யா ஒண்ணும் நினைக்காம இருந்தா போறும்."

அது எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. வசுமதி குரலைத் தாழ்த்தினாள். "இதோ பார். இன்னிக்கு வாயைத் திறந்தே, உனக்கு இனிமே ரெண்டாந்தாரம்தான். ஒருத்தன் வேண்டாம்னு போனவளை எவன் ஆசையா பண்ணிப்பான்? நான் உன் நல்லதுக்குத்தான் மறைக்கறேன்."

ஸஹானா அவளை ஒரு விநாடி பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டாள். 'பாவம், சூடு சொரணை எல்லாம் போயிடுத்து' என்று வசுமதி நினைத்துக்கொண்டாள். இந்த மூன்றரை வருஷமாக அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தப் 'பாவம்' முன்னால் வந்து நிற்கும். இரக்கம் மாதிரி இருக்கும். இரக்கம் இல்லை.

பத்தேகாலுக்கு இரண்டு கார்களில் பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள்.

பத்மாசனி உயரமாக, வைரத்தோடு மின்ன, அளந்து அடி வைத்து உள்ளே வந்தாள். நிரஞ்சன் பின்னால் வந்தான். கண்ணாடி, கூச்சம், கையில் பூப்பந்து. ஸ்ரீரங்கன் கை கூப்பி வரவேற்றார். வாத்தியார் பாயில் உட்கார்ந்து லக்னப் பத்திரிகையைத் தயாராக மடியில் வைத்துக்கொண்டார்.

"பன்னெண்டுக்கு யமகண்டம். அதுக்குள்ள வாசிச்சுடணும்" என்று முதலிலேயே சொல்லி வைத்தார்.

பத்மாசனி உட்காரவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். உப்பில் கலர் கலந்து போட்டிருந்த கோலத்தைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடி வளையல்களைக் கோத்துத் தொங்கவிட்டிருந்த திரையைப் பார்த்தாள். கடைசியில் தோரணத்தின் அடியில் வந்து நின்றாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

வசுமதிக்கு அந்தக் கோணல் நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற கோணல் அது.  இந்தக் குப்பைக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போதே, இந்த நிமிஷமே காட்டிவிட வேண்டும்.

"இதெல்லாம் யார் பண்ணினா?" என்று பத்மாசனி கேட்டாள்.

"எங்க அத்தை, மாமி. ரிடையர்டு டீச்சர். பொழுது போகணுமோல்லியோ!" வசுமதி நெருங்கி வந்து சிரித்தாள். "நான் டெக்கரேஷனுக்கு ஆள் சொல்றேன்னேன். கேட்டாத்தானே? கத்லி மட்டும் நான் கடையில வாங்கினது. மத்ததெல்லாம் பப்பாளிக்காயும் பழைய பேப்பரும்தான்."

"இந்த இலை பேப்பரா?"

"பேப்பரே! வேணும்னா பாருங்கோ."

எட்டி ஓர் இலையைப் பிய்த்தாள். நூல் அறுந்தது.

"வசு, வேண்டாம்" என்று சமையலறை வாசலிலிருந்து சுந்தரவல்லியின் குரல் வந்தது. அந்தக் குரலில் இதுவரை இல்லாத ஒன்று இருந்தது. வசுமதி அதைக் கேட்டாள். கேட்டதனாலேயே இன்னும் குஷி பிறந்தது. ஆக, வலிக்கிறது!

"பாருங்கோ மாமி, ரெண்டு அட்டையை முதுகோட முதுகா மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கா. கெட்டியா இருக்கணுமாம்!" நகத்தை விட்டு இரண்டாகப் பிரித்தாள். பசை இன்னும் முழுக்கக் காயவில்லை. இலை சுலபமாக வாயைப் பிளந்தது.

உள்பக்கம் பச்சை இல்லை. மஞ்சள். மஞ்சளில் சிவப்பு எழுத்து.

பத்மாசனி அதைக் கையில் வாங்கினாள். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"'…கன் குமாரத்தி சௌபாக்யவதி ஸஹானாவை…'"



"இன்னும் நிச்சயமே ஆகலை. அதுக்குள்ள பத்திரிகை அடிச்சாச்சா?" என்றாள் பத்மாசனி.

 வசுமதி திரும்பிச் சுந்தரவல்லியைப் பார்த்தாள்.

"நான் வாராந்தரிப் புஸ்தகம்தான் கேட்டேன்" என்றாள் சுந்தரவல்லி மெல்ல. "பழைய பத்திரிகை இருந்தா குடுத்தனுப்புன்னு சொன்னேன். நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டை அனுப்பினே. எழுத்து தெரியாம உள்பக்கமா வச்சு ஒட்டினேன். நல்ல கெட்டி அட்டை, வீணாப் போறதேன்னு…"

"நானா அனுப்பினேன்?"

"நான் பரண் மேலேர்ந்து கேட்டனேம்மா" என்றாள் அங்காளம்மாள், துடைப்பத்தோடு வாசலில் நின்று. "ரெண்டு கட்டு கீது, இன்னாத்தைத் தர்றதுன்னு. நீ டிவி பார்த்துக்கினு, எதையோ ஒண்ணு குடு, எல்லாம் குப்பைதானேன்னு சொன்னே."

பத்மாசனி இதில் எதையும் காதில் வாங்கவில்லை. கையை உயர்த்தி அடுத்த இலையைத் தானே பிய்த்தாள். பிரித்தாள். அதில் தேதி இருந்தது. ஆங்கிரஸ வருஷம், ஆவணி மாதம்.

"மூணரை வருஷம்" என்று சொல்லிக்கொண்டாள்.

இன்னோர் இலை. அதில் மண்டபத்தின் பெயர். இன்னொன்று. 'தங்கள் சுற்றமும் நட்பும்'. தோரணம் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே வந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. ஸ்ரீரங்கன் தூணில் சாய்ந்துகொண்டார். சாய்நாத் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"மாமி, அது வந்து…" வசுமதி ஆரம்பித்தாள்.

"மொதல் வரன்னு சொன்னேளே?"

"அது… அந்தப் பிள்ளைதான் வேண்டாம்னுட்டான். அதனால அதை வரன்னே கணக்குல…"

"சும்மா இருங்கோ."

அந்த இரண்டு வார்த்தையை ஒருவர் இவ்வளவு அலட்சியமாகச் சொல்ல முடியும் என்று வசுமதிக்கு இதுவரை தெரியாது. வேலைக்காரர்களிடம் கூட அவள் இப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருக்கிறாளோ?

ஸஹானா முன்னால் வந்தாள்.

"மாமி, உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லணும்னு நினைச்சேன், சொல்லலை. அது என் தப்பு. வேற யாரையும் கோச்சுக்காதீங்கோ."

நிரஞ்சன் எழுந்து நின்றான். "அம்மா, இப்போ இது பெரிய விஷயமா?"

"நீ உக்காருடா." பத்மாசனி ஆறாவது இலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அது சரியாகப் பிரியவில்லை. கவனமாக நகத்தால் கீறினாள். படித்தாள். இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை.

 பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். உயரமான அந்த அம்மாள் உட்கார்ந்ததும் சட்டென்று வயதானவளாகத் தெரிந்தாள்.

"ரகுவீரனா?" என்றாள். "திருவல்லிக்கேணி ரகுவீரனா?"

"ஆமாம் மாமி. அந்தப் பிள்ளைதான். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஸஹானா.

"தெரியுமாவா! எங்க நாத்தனார் மாப்பிள்ளைடீ, அவன்."

வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடினார். நிரஞ்சன் வாய் திறந்தபடி அம்மாவைப் பார்த்தான்.

"பம்பாய்ல கல்யாணம் பண்ணினா. எங்களுக்கும் பிள்ளையாத்துக்காரா அப்படித்தான் சொன்னா. இதுதான் மொதல் வரன்னு." பத்மாசனி வசுமதியை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரே வாத்தியார்கிட்ட பாடம் போலிருக்கு."

வசுமதி தலையைக் குனிந்துகொண்டாள். கீழே உப்புக் கோலத்தின் ஓரத்தை அவள் கால் கலைத்திருந்தது.

"ஸஹானா, இங்க வா." பத்மாசனி தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நிஜத்தைச் சொல்லு. அவன் உன்னை வேண்டாம்னானா, நீ அவனை வேண்டாம்னியா?"

ஸஹானா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். அத்தையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றாள் சுந்தரவல்லி. "அவாளுக்குத் தெரியணும்."

"நான்தான் வேண்டாம்னேன்."

வசுமதி நிமிர்ந்தாள். "என்னது? நீயா? அவா இல்லையா வேண்டாம்னு…"

"அவாளே வேண்டாம்னதா இருக்கட்டும்னு விட்டுட்டேன், மன்னி. அப்பாகிட்டயும் அத்தைகிட்டயும்தான் சொன்னேன். ஊர்ல பேசிக்கறது எனக்கு அவ்வளவு பெரிசா தெரியலை."

பட்டுக்கொள்ளாத குரலில்தான் சொன்னாள். அதிலே குத்தல் இல்லை, பழி தீர்க்கிற சந்தோஷம் இல்லை. அதுதான் வசுமதியைச் சுட்டது. மூன்றரை வருஷமாக 'பாவம், பாவம்' என்று தலைக்கு மேலே நின்று பார்த்தாளே, அந்தப் பெண் ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்ததாகவே தெரியவில்லை. இவள் எந்த உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ஸஹானாவுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்கவில்லை.

"ஏன் வேண்டாம்னே?" என்று கேட்டாள் பத்மாசனி.  "நான் சும்மா வம்புக்குக் கேக்கலை. எங்க ஹம்ஸா, நாத்தனார் பொண்ணு, ஆறு மாசமா நங்கநல்லூர்ல, பொறந்தாத்துல இருக்கா. ஏன் வந்தேன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கறா. சமாதானம் பண்ணி அனுப்பிடலாம்னு என் நாத்தனார் அடுத்த வாரம் பம்பாய்க்கு டிக்கெட் வாங்கி வச்சிருக்கா. நான்தான் வாங்கச் சொன்னேன்."

ஸஹானா பத்மாசனியின் கையைப் பிடித்தாள்.

"அனுப்பாதீங்கோ, மாமி."

"ஏன்?"

"உள்ள வாங்கோ. சொல்றேன்."

எழுந்து உள்ளறைப் பக்கம் நடந்தாள். பத்மாசனி பின்னால் போனாள். பழக்க தோஷத்தில் வசுமதியும் இரண்டு அடி எடுத்து வைத்தாள். இந்த வீட்டில் அவளில்லாமல் எந்தக் கதவும் சாத்தப்பட்டதில்லை.

ஸஹானா திரும்பி நின்றாள்.

"நீங்க வேண்டாம், மன்னி."

கதவு சாத்திக்கொண்டது.

 நிரஞ்சன் கீழே விழுந்திருந்த இலைகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். சுந்தரவல்லி ஒரு தட்டில் ஏழு கப் கேக்கை வைத்து வாத்தியாருக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். கடிகாரம் பதினொன்று அடித்தது. வசுமதி கத்லித் தட்டை எடுத்து யாரிடமாவது நீட்டலாமா என்று பார்த்தாள். யாருடைய கண்ணும் அவள் பக்கம் வரவில்லை. சாய்நாத் கூட ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

பதினொன்றேகாலுக்குக் கதவு திறந்தது. பத்மாசனியின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் நடை பழைய நடைதான். நேராக டெலிபோன் ஸ்டாண்டுக்குப் போனாள். வசுமதியின் தோளை உரசிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. வழியில் ஒருத்தி நிற்கிறாள் என்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நம்பரைச் சுழற்றினாள்.

"யாரு, ஹம்ஸாவா? அம்மாகிட்ட குடுக்காதே. உன்கிட்டதான் பேசணும். முகத்தைக் கழுவிண்டு, ஒரு ஆட்டோ பிடிச்சு உடனே மயிலாப்பூர் சித்ரகுளத்துக்கு வா. யாரைக் கேட்டாலும் பாட்டு டீச்சர் ஸஹானா ஆம்னு சொல்வா. இல்லை, திருப்பி அனுப்பறதுக்கு இல்லைடீ. நீ வா."

ரிசீவரை வைத்தாள்.

"மாமி, லக்னப் பத்திரிகை? பன்னெண்டுக்கு…" என்று வாத்தியார் இழுத்தார்.

"யமகண்டம் ஒண்ணரைக்கு முடியுமோல்லியோ? அப்பறம் வாசிக்கலாம். அந்தப் பொண்ணு வரணும். வந்து, எங்க எல்லார் முன்னாலயும் வாயைத் திறக்கணும். அதுக்கப்பறம்தான் இங்க எந்தப் பத்திரிகையும்." பிறகு சுந்தரவல்லியின் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நாங்க மத்தியானம் வரைக்கும் இருப்போம். தளிகை கொஞ்சம் கூட ஆகுமே. உள்ள யாரைக் கேக்கணும்?"

வசுமதி வாயைத் திறந்தாள்.

"என்னைக் கேட்டாப் போறும்" என்றாள் ஸஹானா, புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டே.